நாற்பது குதிரை

யூன் மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை, கரைக்கு அரை மைல் இருக்கும்போது, வலன்ரைனின் இஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பதினெட்டு வருடம் ஓடிய இஞ்சின். நண்டு வலைகளைப் படகுக்குள் குவித்துவிட்டு அவன் துடுப்பு வலித்து வந்து சேர்ந்தபோது, பேசாலைக் கரையில் நின்ற அத்தனை பேருக்கும் அது ஏன் நின்றது என்று தெரிந்திருந்தது. மண்ணெண்ணெயில் கலப்படம் என்றார் ஒருவர். காபரேற்றர் அடைத்துவிட்டது என்றார் இன்னொருவர். பிளக்கை மாற்றினால் சரி என்று அடித்துச் சொன்னவர் சலூன் வைத்திருப்பவர். அவர் தன் ஆயுளில் கழற்றிப் பார்த்த பெரிய இயந்திரம் முடிவெட்டும் மெசின்தான்.

வலன்ரைனின் மனைவி அன்ரோனெற் நண்டு அள்ளும் கூடையோடு வந்தாள். இஞ்சினின் மூடியைத் திறந்தாள். கயிற்றைப் பிடித்து ஒருமுறை இழுத்தாள். அது அசையவில்லை.

"பிஸ்ரன் இறுகிட்டுது. இனி இது ஓடாது" என்றாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து மன்னாரிலிருந்து வந்த மெக்கானிக் அதையே சொன்னபோது, பார்த்த உடனேயே கண்டுபிடித்துவிட்டானே என்று எல்லோரும் அவனை மெச்சினார்கள். அன்ரோனெற் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. சண்டைக் காலத்தில் குடும்பத்தோடு இந்தியாவிலுள்ள மண்டபம் அகதி முகாமுக்குப் போய், அங்கே நான்கு வருடம் ஒரு பைபர் படகுக் கொட்டகையில் வேலை செய்தவள். அச்சில் மெழுகு பூசி, கண்ணாடி நார்ப் பாயை விரித்து, பசை ஊற்றி, உருளையால் உருட்டிப் படகு செய்வது அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் படகு வைத்திருக்கும் ஆண்களுக்குப் படகு ஓட்டத் தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது என்பது அவளுடைய எண்ணம். அந்த எண்ணத்தை அவள் ஒளித்து வைக்கவுமில்லை. எதையும் ஒருமுறை சொல்வாள். ஒருமுறை சொல்லி விளங்காதவனுக்கு இரண்டாம் முறை சொல்வது வாய்க்குக் கேடு என்று விட்டுவிடுவாள்.

புருஷனைப் பற்றியும் அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. வலன்ரைன் குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், கடலில் கெட்டிக்காரன். ஆனால் அவனிடம் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவனுக்குச் சரி. காலையில் சலூன்காரன் இருபத்தைந்து குதிரைவலு இஞ்சின் எடு என்றால், இருபத்தைந்துதான் நல்லதாம் என்று வீட்டுக்கு வருவான். மத்தியானம் மீனவர் சங்கத்துச் செயலாளர் சத்தமில்லாத நாலு ஸ்ரோக் இஞ்சின் எடு என்றால், சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து சத்தமில்லாத இஞ்சினைப் பற்றிப் பேசுவான்.

"பதினைஞ்சு காணும்" என்று அவள் சொல்லிவிட்டாள். "பதினெட்டரை அடிப் படகு. பதினைஞ்சுக்கு எண்டுதான் செய்தது."

"ஓம், அதுவும் சரிதான்" என்றான் வலன்ரைன்.

யூலைக் கடைசியில் அவனுடைய அண்ணன் எட்வேட் கனடாவிலிருந்து வந்து இறங்கினார். மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வந்ததாகச் சொன்னார். இருபத்தாறு வருடத்தில் இது இரண்டாவது வரவு. உருகி மறுபடி இறுகிய சொக்கலேற்றும், எல்லோருக்கும் ஒரே மணமுள்ள சென்ற் போத்தலும் கொண்டுவந்திருந்தார். கரைக்குப் போனபோது மீன் மணத்துக்கு லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அந்த மணத்துக்குள்தான் அவர் பிறந்து முப்பத்திரண்டு வயதுவரை வளர்ந்தார் என்பதை அன்ரோனெற் நினைத்துக்கொண்டாள். அவருடைய சப்பாத்து வெள்ளை நிறம். மணலில் ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை அதைக் குனிந்து பார்த்தார்.

படகைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "இஞ்சினை நான் எடுத்துத் தாறன்" என்றார். "தம்பிக்கு நான் செய்யாமல் ஆர் செய்யிறது?"

அன்ரோனெற்றுக்கு அரை நிமிடம் சந்தோஷமாக இருந்தது.

"நாப்பது குதிரை எடுப்பம்" என்றார் எட்வேட்.

"நாப்பதோ அண்ணை?"

"பின்ன? அங்க எங்கட வீட்டடியில ஏரியில ஓடுற போட்டெல்லாம் தொண்ணூறு, நூறு. இஞ்ச என்னடாவெண்டால் பதினைஞ்சு எண்டுறாய். ஆக்கள் சிரிப்பினம்."

"பின்பலகை பழசு அத்தான்" என்றாள் அன்ரோனெற். "இருபத்திரண்டு வருசம். நாப்பதைத் தாங்காது."

எட்வேட் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். சின்னப் பிள்ளை தடக்கி விழுந்தால் பெரியவர்கள் புன்னகைப்பார்களே, அப்படி. பிறகு படகின் பின்பக்கத்தை, இஞ்சின் தொங்கும் அந்தப் பலகையை, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பைபர் எண்டால் இரும்பு மாதிரித் தங்கச்சி. நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதயும்."

அந்தத் தட்டலின் சத்தம் அவளுக்குக் கேட்டது. நல்ல பலகை 'டக்' என்று சொல்லும். இது ஈரத் துணியில் அடித்தது போலச் சொன்னது. வெளியே பைபர்தான், உள்ளே இருப்பது ஒட்டுப்பலகை. ஆணித் துளைகள் வழியாக வருடக்கணக்காகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே பலகை புட்டு மாதிரி ஆகிவிடும், வெளியே பூச்சு பளபளவென்று இருக்கும். இதையெல்லாம் அவள் சொல்லியிருக்கலாம். வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தாள். சொல்லவில்லை.

அடுத்த நாள் மூவருமாக மன்னார் ரவுணில் ஒரு இஞ்சின் கடைக்குப் போனார்கள். அங்கே விற்பனைக்கு நின்றவன் யசோதரன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தான். "ஐயா கனடாவோ?" என்று கேட்டான். ஆம் என்று தெரிந்த பிறகு அவன் வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கதிரை இழுத்துப் போட்டான். குளிர்பானம் வந்தது. போனில் வீடியோ ஓடியது. ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு படகு நீரைக் கிழித்துக்கொண்டு போனது. எட்வேட் தலையாட்டினார். வலன்ரைனும் தலையாட்டினான்.

"இதின்ர நிறை எவ்வளவு?" என்று அன்ரோனெற் கேட்டாள்.

யசோதரன் எட்வேட்டைப் பார்த்துப் பதில் சொன்னான். "எழுபது கிலோவுக்கு மேல வரும் ஐயா. நிறை கூட எண்டால் தரமும் கூட."

"நீர் போட்டில போயிருக்கிறீரோ தம்பி?"

"நான் அடம்பன் ஆள் அக்கா. எங்களுக்கு வயல்தான்."

"தெரியுது" என்றாள் அவள்.

நாற்பது குதிரைவலு இஞ்சின், கறுப்பும் வெள்ளியுமாக, பெட்டியோடு லொறியில் ஏறியது.

சனிக்கிழமை அதைப் படகில் பூட்டினார்கள். தூக்குவதற்கு நாலு பேர் தேவைப்பட்டது. பக்கத்து மீன்வாடியில் இருக்கும் றொசாந்தன் வந்து ஒரு பக்கம் பிடித்தான். முப்பது வயது, சொந்தப் படகும் பதினைந்து குதிரைவலு இஞ்சினும் வைத்திருப்பவன். பகலில் அவன் நித்திரை கொள்ளாத நேரத்தை அன்ரோனெற் கண்டதில்லை. அவளிடம் வாங்கிப் போன சுத்தியல் இரண்டு வருடமாக அவனிடம்தான் இருந்தது.

பழைய துளைகள் புது இஞ்சினுக்குப் பொருந்தவில்லை. நாலு புதுத் துளை போடவேண்டியிருந்தது. வலன்ரைன் துளைக்கும் மெசினைப் பிடித்து அழுத்தினான். முதலில் வெள்ளைத் தூள் வந்தது, அது பைபர். அடுத்ததாக மரத்தூள் வரவேண்டும். வந்தது கறுப்பாக, ஈரமாக, வடித்துக் கொட்டிய தேயிலைச் சக்கை மாதிரி மெசின் நுனியில் சுற்றிக்கொண்டு வந்தது.

அன்ரோனெற் பக்கத்தில்தான் நின்றாள். குனிந்து அதை இரண்டு விரலால் எடுத்து நசுக்கினாள். தண்ணீர் சொட்டியது.

வலன்ரைன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "என்ன?"

எட்வேட் பின்னால் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். றொசாந்தன் கொட்டாவி விட்டான்.

"ஒண்டுமில்லை" என்று அவள் விரலைச் சேலையில் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். பாதி ஊர் கரையில் நின்றது. எட்வேட் செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கியைப் போட்டுப் பார்த்தார். படத்தில் நல்லாயில்லை என்று கழற்றி மணலில் போட்டார். அன்ரோனெற் கவிழ்த்துவைத்த ஒரு பழைய வள்ளத்தின்மேல் இருந்தாள். அவள் அன்று தலைவாரி, பூசைக்கு உடுத்த நல்ல சேலையோடே வந்திருந்தாள். அவளுடைய கணக்கு இதுதான்: எட்வேட் பொறுமையில்லாத ஆள், புறப்பட்டவுடனேயே முழு வேகம் கொடுப்பார், இடுப்பளவு தண்ணீரில், எல்லோருக்கும் முன்னால், பின்பலகை இஞ்சினோடு கழன்று விழும். அவர் வெள்ளைச் சப்பாத்தோடு தண்ணீருக்குள் இருப்பார். அதைப் பார்க்கத்தான் அவள் வந்திருந்தாள்.

வலன்ரைன் ஏறுவதற்கு முன் அவளிடம் வந்தான். "போயிட்டு வரட்டே?"

"போங்கோ" என்றாள்.

அண்ணனையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு படகு புறப்பட்டது. பாதி வேகத்தில் போய், திரும்பி, கரைக்குச் சமாந்தரமாக ஒருமுறை சீறிக்கொண்டு வந்தது. முன்பக்க அணியம் மேலே எழும்பி நின்றது. தண்ணீர் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பிரிந்தது. ஒன்றும் கழலவில்லை. ஒன்றும் விழவில்லை. சனம் கை தட்டியது.

"பாத்தீரே அன்ரோனெற்" என்றாள் பக்கத்தில் நின்ற மாக்கிறட். அவள் மூன்று வீடு தள்ளி இருப்பவள், பிறர் வீட்டு விஷயத்தை அவர்களுக்கு முன்பே அறிந்துகொள்பவள். "நீர் சும்மா பயந்தீர். நல்ல வடிவா ஓடுது."

அன்ரோனெற்றின் காது சூடாகியது. எழும்பி, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, பின்னால் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். சோற்றுப் பானையை அடுப்பில் வைத்தாள். மீனை வெட்டினாள். அந்தப் பலகை எப்படித் தாங்கியது என்று யோசித்து யோசித்து மீனை வேண்டியதைவிடச் சின்னத் துண்டுகளாக வெட்டிப்போட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஒரு மணிக்கு, தலைமன்னார்ப் பக்கம் போய் எட்வேட்டின் பழைய கூட்டாளிகளோடு பியர் குடிக்கிறார்கள் என்று நினைத்தாள். இரண்டு மணிக்கு வலன்ரைனின் போனுக்கு எடுத்தாள். தொடர்பு இல்லை. எட்வேட்டின் போனும் அப்படியே. அவள் செருப்புப் போடாமல் கரைக்கு வந்தாள்.

மாக்கிறட் இன்னும் அங்கேதான் நின்றாள். "அவை வடக்கால போச்சினம். ஆழத்தில கொண்டுபோய் முழு வேகம் பாக்கப் போறன் எண்டு உம்மட அத்தான் சொன்னவர்."

தென்மேற்குச் சோழகக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. இஞ்சின் இல்லாத படகை அது வடக்கே இழுத்துக்கொண்டே போகும், இந்தியாப் பக்கமாக. கரையில் நின்றவர்கள் பேசத் தொடங்கினார்கள். நேவிக்குச் சொல்லவேண்டும் என்றார் ஒருவர். இன்னும் அரை மணித்தியாலம் பார்ப்போம் என்றார் சங்கத்துச் செயலாளர். அன்ரோனெற் அவர்களைத் தாண்டி நடந்து றொசாந்தனின் வாடிக்குள் போனாள். அவன் வலைக் குவியலின்மேல் வாய் திறந்து நித்திரையாகக் கிடந்தான். அவள் காலால் தட்டினாள்.

"அவையைக் காணேல்லை. பின்பலகை உக்கிப் போனது. எனக்குத் தெரியும்."

அவன் ஏதாவது சாட்டுச் சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் எழும்பி எண்ணெய்க் கானைத் தூக்கினான்.

"நானும் வாறன்."

"ஏறுங்கோ அக்கா."

கடலில் றொசாந்தன் காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று கணக்குப் பார்த்து, நேரே போகாமல் சற்றுக் கிழக்கே ஒதுக்கிப் பிடித்தான். அவனுடைய பழைய இஞ்சின் ஒரே சீராகப் புகைந்துகொண்டு ஓடியது. அன்ரோனெற் அணியத்தில் நின்றாள். உப்புத் தண்ணீர் நல்ல சேலையை முழுவதும் நனைத்தது. இருக்கைப் பலகைகளுக்குள் காற்று அடைத்த பெட்டிகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன, படகு முழுவதும் தாழாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எட்வேட் இருபத்தாறு வருடமாகக் கடலில் இறங்காதவர் என்பதும், அந்த அங்கி மணலில் கிடந்ததும் அதற்குப் பின்னாலேயே வந்தன.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து றொசாந்தன்தான் முதலில் கண்டான். படகின் அணியம் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. எட்வேட் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். நங்கூரக் கயிற்றால் அவருடைய இடுப்பைப் படகோடு சேர்த்துக் கட்டியிருந்தது. வலன்ரைன் தண்ணீருக்குள் மிதந்தபடி ஒரு கையால் அவருடைய தலையை உயர்த்திப் பிடித்திருந்தான்.

அவர்களைப் படகுக்குள் இழுத்துப் போட்டபோது எட்வேட் விம்மி விம்மி அழுதார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "இஞ்சின் போயிட்டுது."

அன்ரோனெற் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலன்ரைனின் உதடு உப்பில் வெடித்து வெள்ளையாக இருந்தது. அவனுடைய வலது உள்ளங்கையில் ஒரு நீளமான வெட்டு.

"இது என்ன?"

"கத்தி" என்றான்.

நடந்ததை எட்வேட்தான் வழி முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தார். முழு வேகத்தில் ஒரு திருப்பம் திருப்பியிருக்கிறார். பின்பலகை உதடு கிழிந்தது மாதிரிக் கிழிந்து, இஞ்சின் வெளியே விழுந்து, அதைப் படகோடு பிணைத்திருந்த காப்புக் கயிற்றில் தொங்கியிருக்கிறது. அந்தப் பாரம் பின்பக்கத்தைக் கீழே இழுக்க, தண்ணீர் அள்ளிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. வலன்ரைன் முதலில் அதைத் தூக்கப் பார்த்தானாம், முடியவில்லை. பிறகு கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டியிருக்கிறான்.

"வெட்டாத வெட்டாத எண்டு நான் கையைப் பிடிச்சனான்" என்றார் எட்வேட். "புத்தம் புது இஞ்சின்."

றொசாந்தன் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுபக்கம் திரும்பிக் கடலுக்குள் துப்பினான்.

எட்வேட்டை அன்றே மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பயமும் வெயிலும்தான், வேறொன்றுமில்லை என்று இரண்டாம் நாள் அனுப்பிவிட்டார்கள். கட்டி இழுத்து வந்த படகு கரையில் பின்பக்கம் வாய் பிளந்து கிடந்தது. திங்கட்கிழமை காலை வலன்ரைன் அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். அன்ரோனெற் தேத்தண்ணி கொண்டுபோனாள். அவன் வாங்கவில்லை. கிழிந்த இடத்துக்குள் விரலை விட்டு ஒரு பிடி கறுப்புச் சக்கையை எடுத்து அவளுக்கு நீட்டினான்.

"துளைக்கேக்க நீர் இதைக் கண்டனீர்."

"ஓம்."

"என்னெண்டு நான் கேட்டனான்."

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்ற பதில் அவளுடைய வாய்வரை வந்தது. பல வருடமாகப் பலருக்கும் சொல்லிப் பழகிய பதில். ஆனால் அது பொய். மற்றவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். வலன்ரைன் கேட்டிருப்பான். யார் சொன்னாலும் கேட்கிறவன் என்று எந்தக் குணத்துக்காக அவனை அவள் இத்தனை காலம் இளக்காரமாகப் பார்த்தாளோ, அந்தக் குணத்தாலேயே அவன் மெசினைக் கீழே வைத்திருப்பான். அந்தக் கரையில் அவளிடம் என்னவென்று கேட்டவனே அவன் ஒருவன்தான்.

"கரையிலேயே கழண்டு விழும் எண்டு நினைச்சன்" என்றாள். "பாக்க ஆசைப்பட்டன்."

"அண்ணன்ர முகத்தைப் பாக்கவோ?"

"ஓம்."

"என்ர முகத்தையும்?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையைப் படகின் விளிம்பில் வைத்தாள்.

"ஓம்" என்றாள்.

வலன்ரைன் கையிலிருந்ததை உதறிவிட்டு எழும்பி, தண்ணீர் ஓரமாகப் போய்க் கை கழுவினான். பதினொரு நாள் அவன் அவளோடு சோறு, தண்ணீர், கதவு என்ற அளவுக்கு மட்டும் பேசினான். அவள் அதைப் பொறுத்துக்கொண்டாள். வேறு யாராவது இப்படி முகத்தை நீட்டியிருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

எட்வேட் மடுவுக்குப் போகவில்லை. பயணத்தை முன்னுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகுமுன் கடைக்குப் போய், விற்ற இஞ்சின் பழுது என்று சண்டை பிடித்தாராம். அப்போதுதான் யசோதரன் முதல்முறையாக, படகு எத்தனை வருடப் பழசு என்று கேட்டானாம்.

ஒரு மாதத்துக்குள் கனடாவிலிருந்து கதை திரும்பி வந்தது. மாக்கிறட்டின் மகள் சுவேதினி ரொறன்ரோவில் இருப்பவள். அங்கே ஒரு கலியாண வீட்டில் எட்வேட் சொன்னதைத் தாய்க்குச் சொல்ல, தாய் அதை ஒரு சொல் குறையாமல் அன்ரோனெற்றிடம் கொண்டுவந்தாள். பனை உயர அலை வந்ததாம். எட்வேட் படகைச் சமாளித்துப் பிடித்துக்கொண்டிருந்தாராம். தம்பி பயந்துபோய்க் கயிற்றை வெட்டி, பெறுமதியான இஞ்சினைக் கடலுக்குள் விட்டுவிட்டானாம். தம்பியைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றியது எட்வேட்தானாம்.

அன்ரோனெற் வீட்டுக்குள் வந்து வலன்ரைனுக்கு முன்னால் போனை வைத்தாள். "எடுத்துக் கேளுங்கோ. இப்பவே கேளுங்கோ."

வலன்ரைன் கிழிந்த வலையைக் கால் பெருவிரலில் மாட்டிப் பின்னிக்கொண்டிருந்தான். கை நிற்கவில்லை.

"சொல்லட்டும்" என்றான். "ஆள் உயிரோட இருக்கிறபடியாத்தானே சொல்லுறார்."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். தன்னுடைய இகழ்ச்சிக்கு எப்போதும் சத்தம் இருந்தது. முகம் சுழிப்பதும், வெடுக்கென்று திரும்புவதும். இவனுடையது சத்தமில்லாமல் இருந்தது. இது எத்தனை வருடமாக இவனிடம் இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செப்டெம்பர் முழுவதும் அவள் பின்பலகையைத் திருத்தினாள். கிழிந்த பைபரை வெட்டி எடுத்தாள். உக்கிய பலகையை உளியால் சுரண்டி வாளி வாளியாக வெளியே கொட்டினாள். ஒரு கிழமை வெயிலில் காயவிட்டாள். புதுப் பலகையை அளந்து அறுத்து, மூன்று தட்டாக ஒட்டி, அதன்மேல் நார்ப் பாயும் பசையுமாக மாறி மாறி ஏற்றினாள். கண்ணாடித் தூள் பட்டுக் கை இரண்டும் முழங்கைவரை தடித்துச் சிவந்தது. சலூன்காரர் வந்து பசை போதாது என்றார். செயலாளர் வந்து பசை கூடிவிட்டது என்றார். வலன்ரைன் மட்டும் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே, "ஏன் மூண்டு தட்டு? ஒரு தடிச்ச பலகை போட்டால் என்ன?" என்று கேட்டான். அவள் சொன்னாள். பலகை நாரின் போக்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் இருக்கவேண்டும் என்பது அவனுக்கு விளங்கவில்லை. அவள் ஒரு அட்டைத் துண்டைக் கிழித்து மடித்துக் காட்டினாள்.

ஒக்டோபரில் அவள் தன் இரண்டு காப்புகளையும் விற்றாள். இருவரும் உப்புக்குளத்துக்குப் போனார்கள். அங்கே அஸீபா என்ற பெண் பழைய இஞ்சின்களைத் திருத்தி விற்றுக்கொண்டிருந்தாள். வாப்பா செய்த வியாபாரம். அவர் படுக்கையில் விழுந்தபின் இவள் பார்க்கிறாள். நகக்கண்ணில் கிறீஸ் கறுப்போடு வந்து, வலன்ரைனைப் பார்த்து, "போட் எத்தினை அடி அண்ணன்?" என்று கேட்டாள். தன்னைக் கேட்காமல் அவனைக் கேட்டது அன்ரோனெற்றுக்குச் சுருக்கென்றது. பொம்பிளையும் ஆம்பிளையைத்தான் பார்த்துக் கேட்கிறாள். ஆனால் கேள்விகள் சரியான கேள்விகள். நீளம் என்ன, பின்பலகையின் உயரம் என்ன, தடிப்பு என்ன, எத்தனை பேர் போவது, எவ்வளவு தூரம்.

கடைசியில் இரண்டு இஞ்சின்களை முன்னால் வைத்தாள். ஒன்று இருபத்தைந்து. மற்றது பதினைந்து.

"இருபத்தைஞ்சை எடுப்பம்" என்றாள் அன்ரோனெற்.

வலன்ரைன் திரும்பிப் பார்த்தான். "நீர்தானே பதினைஞ்சு காணும் எண்டனீர்."

"அது பழைய பலகைக்கு. இப்ப இருபத்தைஞ்சு தாங்கும். முப்பதும் தாங்கும். நான் போட்ட பலகை."

சொல்லி முடிக்கும்போதே தன் குரல் யாருடைய குரல் மாதிரி இருக்கிறது என்று அவளுக்குக் கேட்டுவிட்டது. அதை அவள் வெளியே காட்டவில்லை.

வலன்ரைன் இருபத்தைந்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். அது மரக்கட்டையை விட்டு ஒரு சாண் எழும்பியது. அவனுடைய கழுத்து நரம்பு புடைத்தது. இறக்கி வைத்தான். பிறகு பதினைந்தைத் தூக்கினான். அது எழும்பி, அவன் முழங்காலுக்கு வந்து, நெஞ்சுக்கு வந்தது. அணைத்துக்கொண்டு இரண்டு அடி நடந்தான். திரும்பி வந்து மெதுவாக வைத்தான்.

"இதை எடுப்பம்" என்றான்.

"ஏன்?"

"தனிய நிண்டு தூக்கக்கூடியதா இருக்கோணும்." அவன் உள்ளங்கைத் தழும்பைக் காற்சட்டையில் தேய்த்தான். "அண்டைக்கு அது தொங்கேக்க என்னால தூக்க ஏலாமப் போச்சுது. பாதிக்கு வந்துது. பிறகு வழுக்கிட்டுது. தூக்கியிருந்தால் வெட்டியிருக்க மாட்டன்."

வேகத்தையும் பலகையையும் எண்ணெயையும் நிறையையும் பற்றி இந்த நாலு மாதமும் எல்லோரும் பேசினார்கள், அவளும் பேசினாள். நடுக்கடலில் ஒரு மனிதன் தனியே அதை என்ன செய்யப்போகிறான் என்று அவள் யோசித்திருக்கவில்லை. பதினைந்தைக் கட்டி ஏற்றுவதற்குக் கயிறு இருக்கிறதா என்று அஸீபாவிடம் கேட்டாள்.

அதன்பின் படகு பழைய வேகத்திலேயே ஓடியது. கரையில் நின்றவர்கள் அது மெதுவாகப் போகிறது என்றார்கள். நண்டு வந்த நாளில் வந்தது, வராத நாளில் வரவில்லை. பின்பலகையை வலன்ரைன் ஒவ்வொரு சனிக்கிழமையும் தட்டிப் பார்த்தான். றொசாந்தன் தன்னுடைய பின்பலகையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லி அன்ரோனெற்றைக் கூப்பிட்டான். அவள் போய்ப் பார்த்து, உட்கார்ந்து, எது எது செய்யவேண்டும் என்று அவனுக்கு ஒரு மணித்தியாலம் சொன்னாள். அவன் பாதியில் நித்திரையாகிவிட்டான்.

நத்தார்ப் பண்டிகைக்கு எட்வேட் போன் எடுத்தார். வாழ்த்துச் சொன்னார், பனி கொட்டுகிறது என்றார், பிறகு கேட்டார்.

"இப்ப என்ன இஞ்சின் போட்டிருக்கிறாய்?"

"பதினைஞ்சு அண்ணை."

ஸ்பீக்கரில் எட்வேட் சிரித்தார். நீளமாக, பக்கத்தில் இருந்த யாருக்கோ விஷயத்தைச் சொல்லி, அவர்களையும் சேர்த்துக்கொண்டு சிரித்தார். வலன்ரைன் போனை அணைக்கவில்லை. அதை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, நண்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அன்ரோனெற் அடுப்படியில் நின்று, அந்தச் சிரிப்பு தானாக ஓய்ந்து, "ஹலோ, ஹலோ" என்று ஆகும்வரை கேட்டுக்கொண்டு, பலகாரத்தைத் திருப்பிப் போட்டாள்.